பலகைகளைச் சாய்த்து வைக்காதீர்கள், படுக்க வையுங்கள்

வணக்கம். பிக்கப் வண்டியின் திறந்த பின்தளத்தில் சாய்த்து ஏற்றிய பனிச்சறுக்குப் பலகைகள், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் சரிந்து ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியைத் தட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சிறிய சத்தம்தானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பின்கண்ணாடி பெரும்பாலும் கடினமாக்கப்பட்ட கண்ணாடி. பரவலான அழுத்தத்தைத் தாங்கும் அது, பலகையின் எஃகு விளிம்பு ஒரே புள்ளியில், அதிலும் கண்ணாடியின் ஓரத்தருகே, இடித்தால் மொத்தமாகச் சிறு துண்டுகளாய் உதிர்ந்துவிடும்.

ஐந்தரை அடித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 168 செ.மீ. என்பதால் 175 செ.மீ. பலகை நேராகப் படுக்காது. ஆனால் மூலைக்கு மூலை குறுக்காகக் கிடத்தினால் அடங்கிவிடும், முனையும் கண்ணாடிக்குக் கீழேயுள்ள முன்சுவரைத்தான் தொடும். இரு பலகைகளையும் சேர்த்து, தளத்திலுள்ள வளையங்களில் முன்னும் பின்னும் பட்டையால் இறுக்குங்கள். இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு இதற்கு உதவாது, திடீர் பிரேக்கில் அது இடம் கொடுத்துவிடும். உருகிய பனியில் தளம் வழுக்கும், ஆகவே அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். ஊன்றுகோல்களின் கூர்முனை பின்கதவை நோக்கி இருக்கட்டும்.

அடிக்கடி ஏற்றுவீர்களானால், கண்ணாடிக்கு வெளியே பொருத்தும் இரும்புச் சட்டத்தையே நான் பரிந்துரைப்பேன்.