இருபத்தொரு குண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் அட்லாண்டிக் நடுவிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து சுமார் 6,300 கிலோமீட்டர் பறந்துபோய், அர்ஜென்டினா பிடித்து வைத்திருந்த ஃபாக்லாந்துத் தலைநகர் ஸ்டான்லியின் விமான நிலையத்தில் 21 குண்டுகள் போட்டது. ஓடுபாதையில் விழுந்தது ஒன்றே ஒன்று. பட்ஜெட்டைக் காப்பாற்ற விமானப்படை போட்ட நாடகம் இது என்கிறேன். நண்பர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாகவே இந்தத் தாக்குதல் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். விமானப்படைக்குத் தன் பங்கைக் காட்டும் ஆசை இருந்திருக்கும். எந்தப் படைக்கு இல்லை? அதை விடுங்கள்.

ஆனால் "ஒன்றே ஒன்று" என்று எழுதினீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. திட்டத்தைப் படிக்காமல் மதிப்பெண் போடுகிறீர்கள். குண்டுகளை ஓடுபாதையின் நீளவாக்கில் போடவே இல்லை. பாதைக்குக் குறுக்கே, சாய்வாக, வரிசையாக விட்டார்கள். தரையில் போட்ட கோட்டைக் கடந்து நடந்தால் ஏதாவது ஒரு காலடி கோட்டில் படுமல்லவா, அந்தக் கணக்கு. நீளவாக்கில் போய்க் கொஞ்சம் விலகியிருந்தால் இருபத்தொன்றும் வீண். குறுக்கே போனால் ஒன்றோ இரண்டோ விழும், அதற்கு மேல் அவர்களே எதிர்பார்க்கவில்லை. மே 1 அதிகாலை ஒன்று விழுந்தது. மூன்று நாள் கழித்து வல்கன் மறுபடியும் போனது, அந்தத் தடவை ஓடுபாதையில் ஒன்றுகூட விழவில்லை. அதைக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேறு. ஸ்டான்லி ஓடுபாதை சுமார் 1,250 மீட்டர்தான். மிராஜ், ஸ்கைஹாக் போன்ற வேகமான போர் விமானங்களை அர்ஜென்டினா தாக்குதலுக்கு முன்பும் அங்கே நிறுத்தவில்லை. அப்படியானால் எதைத் தடுத்தார்கள்? ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களோ போர் முடியும்வரை இரவில் இறங்கிக்கொண்டே இருந்தன. பகலில் அர்ஜென்டினர்கள் ஓடுபாதையில் மண்ணைக் குவித்து, குழி இன்னும் மூடப்படவில்லை என்று நம்பவைத்தார்கள். மிராஜ்களை உள்நாட்டுக் காவலுக்குப் பின்வாங்க வைத்தது இந்தத் தாக்குதல்தான் என்பார்கள். அது இன்றும் தீராத சண்டை.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வல்கனுக்கு வழியில் எரிபொருள் கொடுக்க விக்டர் விமானங்கள் கூடவே போயின. கடைசிக் கட்டத்தில் ஒரு விக்டரின் எரிபொருள் வாங்கும் குழாய் உடைந்தது. பாப் டக்ஸ்ஃபோர்ட் ஓட்டிய விக்டர் அதன் இடத்துக்கு வந்து, தான் திரும்பிப்போகத் தேவையானதையும் சேர்த்து வல்கனுக்குக் கொடுத்தது. இனி அசென்ஷன்வரை போக முடியாது, வழியில் கடலில்தான் இறங்க வேண்டும். வானொலியில் உதவி கேட்கலாம், ஆனால் சத்தம் கேட்டால் எதிரி உஷாராகிவிடுவான். தாக்குதல் முடிந்தது என்ற சங்கேதச் சொல் வரும்வரை அந்த ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இன்னொரு விக்டரைக் கூப்பிட்டார்கள், அது வந்து சேர்ந்தது, உயிரோடு தரையிறங்கினார்கள். நாடகம் என்று இதைச் சொல்லாதீர்கள்.

பட்ஜெட் வழக்கை உங்கள் நண்பர்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.