பத்து ஏக்கர் நிலம், உயில் இல்லை, கையில் கோர்ட் நோட்டீஸ்

கேள்வி: நான் சார்லஸ்டனில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். என் கணவர் கறுப்பின அமெரிக்கர். தென் கரோலினாவில் செயின்ட் ஹெலினா தீவில் என் மாமியார் குடியிருக்கும் பழைய வீடும் பத்து ஏக்கர் நிலமும், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு அவருடைய எள்ளுத்தாத்தா வாங்கியவை. அதற்கப்புறம் யாருமே உயில் எழுதவில்லை. வரியை மாமியார்தான் கட்டுகிறார். ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒஹாயோவில் இருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். மொத்த நிலத்தையும் விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லி அந்தக் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. "வரி கட்டுவது நான், என்னை யார் என்ன செய்ய முடியும்" என்று மாமியார் நோட்டீஸைத் தொடவே மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த நோட்டீஸைப் பிரித்துப் பாருங்கள். தென் கரோலினாவில் சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடந்து முடிந்துவிடும். நடுவில் கம்பெனி ஆள் யாராவது காசோலையோடு வீட்டுக்கு வந்தால், அத்தை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வரி ரசீது பத்திரம் ஆகாது. நம் ஊரில் தீர்வை கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு நிலம் முழுக்க என்னுடையது என்று வாதாட முடியாது அல்லவா, அதே கதைதான். உயில் இல்லாமல் இறங்கிவந்த நிலத்துக்கு இங்கே 'ஏர்ஸ் பிராப்பர்ட்டி' என்று பெயர். எள்ளுத்தாத்தாவின் வாரிசுகள் எல்லோருக்கும் அதில் பிரிபடாத பங்கு உண்டு. ஊரைவிட்டுப் போய் மூன்று தலைமுறை ஆனவருக்கும் உண்டு, அவர் அதை யாருக்கும் விற்கலாம். வாங்கியவர் மறுநாளே பாகப்பிரிவினை கேட்கலாம். ஆனாலும் டப்பாவைப் பத்திரமாக வையுங்கள். மற்றவர்களுக்கும் சேர்த்து அத்தை கட்டிய வரியைக் கணக்குத் தீர்க்கும்போது கேட்க இடம் இருக்கிறது.

உயில் எழுதாதது அந்தக் குடும்பத்தின் அசட்டை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிமையாக இருந்தவர்களுக்குச் சட்டப்படி திருமணமே கிடையாது. கோர்ட்டும் பத்திர ஆபீஸும் பழைய எஜமானர்களின் கையில் இருந்தன. அங்கே போய் ஒரு காகிதத்தில் கைவைப்பதைவிட, வாய்ச்சொல்லாகப் பிள்ளைகளுக்கு விடுவதே பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது. 1865 ஜனவரியில் உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் ஜெனரல் ஷெர்மன், விடுதலையானவர்களுக்குக் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவு போட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்தார்கள். அதே வருடம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தை அவர்களுக்கே திருப்பினார். பக்கத்து எடிஸ்டோ தீவில் அக்டோபர் மாதம் ஒரு தேவாலயத்தில் கூடியிருந்த ஜனங்களிடம், நிலத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல, விடுதலையானவர்களைக் கவனிக்க அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் தலைவர் ஜெனரல் ஹோவர்டை அனுப்பினார்கள். கையில் அரசாங்க உத்தரவு இருந்தும் நிலம் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

செயின்ட் ஹெலினா தப்பியதற்குக் காரணம், அங்கே நிலம் கைமாறிய விதம். 1861-ல் வடக்கின் கடற்படை வந்ததும் தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள். அவர்கள் கட்டாத வரிக்காக மத்திய அரசு நிலத்தை ஏலம் விட்டது. அந்த வழியில் வந்த நிலங்களை ஜான்சனின் மன்னிப்பு அசைக்கவில்லை. உங்கள் பத்து ஏக்கரின் முதல் பத்திரம் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். கவுண்டி பத்திர அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள்.

இனி வழக்குக்கு வருவோம். ஊரில் சில வருடம் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். கூட்டுக் குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் பாகம் கேட்டு வந்தால், மதிப்புப் போட்டு அவர் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள நம் 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி செய்கிறது. தென் கரோலினாவில் இந்த மாதிரி நிலங்களுக்கென்று தனிச் சட்டம் 2016-ல்தான் நிறைவேறியது. 2015-ல் சார்லஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வக்கீல் முதல் மனுவிலேயே, இது அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிலம் என்று எழுத வேண்டும். கோர்ட் அதை ஏற்றால் நடுநிலையான ஒருவரை வைத்து மதிப்புப் போடும். பிறகு விற்கச் சொல்லிக் கேட்டவரின் பங்கை மற்றப் பங்காளிகள் வாங்கலாம். ஒரு பேச்சுக்கு, மொத்த மதிப்பு 4,80,000 டாலர், கம்பெனியின் பங்கு 24-ல் ஒன்று என்றால் 20,000 டாலரில் வழக்கே முடிந்துவிடும். இதற்கும் கெடு உண்டு, இந்தச் சட்டத்துக்கு அடிப்படையான மாதிரிச் சட்டத்தில் 45 நாள். கோர்ட் நோட்டீஸில் உள்ள தேதியைக் கணக்கில் வையுங்கள். வாங்க முடியாவிட்டாலும், நிலத்தை அளந்து பிரிக்க முடியுமா என்றுதான் கோர்ட் முதலில் பார்க்கும். விற்றே தீர வேண்டும் என்றாலும் பொதுவாக வெளிச் சந்தையில்தான் விற்பனை. முன்பெல்லாம் கோர்ட் வாசலில் அடிமாட்டு விலைக்கு ஏலம் போனது.

எல்லாவற்றுக்கும் வாரிசு மரம் வேண்டும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான், நீங்கள் விடாதீர்கள். 1870 சென்சஸில்தான் விடுதலையானவர்கள் எல்லோரும் முதன்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முந்தைய காலத்துக்கு ஃப்ரீட்மென்ஸ் பீரோ பதிவுகள் இருக்கின்றன, திருமணப் பதிவு உட்பட. விடுதலையானவர்களுக்கான சேமிப்பு வங்கியான ஃப்ரீட்மன்ஸ் பேங்க் 1874-ல் மூடி, பாடுபட்டுச் சேர்த்தவர்களின் பணத்தை அழித்தது. ஆனால் கணக்குத் தொடங்கும்போது அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் பெயரையெல்லாம் கேட்டு எழுதிய அதன் பேரேடுகள் பல தப்பியிருக்கின்றன. பெயரைத் தட்டச்சு செய்தால் இணையத்திலேயே தேடலாம். உங்கள் தீவுக்குப் பக்கத்து ஊரான பியூஃபர்ட்டிலும் அந்த வங்கிக்கு ஒரு கிளை இருந்தது.

வழக்கை நடத்த அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல் வேண்டும். சார்லஸ்டனிலேயே ஏர்ஸ் பிராப்பர்ட்டிக்கென்று ஒரு சட்ட உதவி மையம் இருக்கிறது. நாளைக் காலையில் முதல் வேலையாக அங்கே கூப்பிடுங்கள். இன்று இரவு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுப் பழைய பைபிளின் முன்பக்கத்தில் யாராவது பிறப்பு இறப்பு எழுதிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து, சம்மன் கிடைத்த தேதியோடு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.