வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் வழக்குக் கெடு நீளுமா?

கேள்வி: 2023 ஆகஸ்ட் 14 அன்று, கேட்கும்போது அசலும் வட்டியும் தருவதாக எழுதிய புரோநோட்டின் பேரில் உறவினருக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தேன். இதுவரை கேட்கவில்லை. இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் கிடைக்குமா? நோட்டீஸில் கேட்பதும் வழக்கில் கோருவதும் ஒன்றுதானா?

பதில்: கிடைக்காது, இரண்டும் ஒன்றுமல்ல. தர வேண்டியதைத் தரும்படி எதிர்த்தரப்புக்கு நேரடியாகத் தெரிவிப்பது கேட்பு. எந்த ஆவணத்தின் பேரில் எவ்வளவு தொகை வர வேண்டும் என்று பிராதில் எழுதி, கட்டணம் செலுத்தி, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதே உரிமைக் கோரல். கெடுவுக்குள் செய்தாக வேண்டியது இதைத்தான்.

'கேட்கும்போது' என்ற சொல்லை நம்பிப் பலர் காத்திருந்து ஏமாறுகிறார்கள். அத்தகைய புரோநோட்டில் கடன் எழுதிய அன்றே வசூலிக்கத்தக்கதாகிவிடுகிறது என்பதால், வழக்குரிமையைத் தள்ளிவைக்கும் தனி எழுத்து எதுவும் இல்லாத நிலையில், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளைப் புரோநோட்டின் தேதியிலிருந்தே கணக்கிடுகிறது. உங்கள் கெடு 2026 ஆகஸ்ட் 14. அன்று நீதிமன்றம் விடுமுறையானால் மட்டும் மீண்டும் திறக்கும் நாள். கேட்கும்போது திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கிய வைப்புத் தொகைக்கு மட்டுமே கேட்ட நாளிலிருந்து கெடு ஓடும், உங்களுடையது கடன்.

காசோலை திரும்பிய வழக்கில் நிலைமை வேறு. அங்கே, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் பணத்தைக் கேட்டு, நோட்டீஸ் கிடைத்த பின் 15 நாள் அவகாசம் தராமல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ்ப் புகாரே கொடுக்க முடியாது. இந்த நடைமுறையைப் புரோநோட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் குழப்பம்.

புரோநோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கெடு முடியுமுன் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கொடுத்து, அந்த வரவை உறவினர் தம் கையால் எழுதியிருந்தாலோ அதன்கீழ் கையொப்பமிட்டிருந்தாலோ, பணம் கொடுத்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு உண்டு. நீங்களே எழுதிவைத்த வரவு செல்லாது. நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் கையொப்பமிட்ட பதில் வந்து, அதில் கடனை ஒப்புக்கொண்டிருந்தாலும் அதே பலன் கிடைக்கும். புரோநோட்டு விஷயத்தில் நோட்டீஸால் பெரிதும் எதிர்பார்க்கக்கூடியது இதுதான்.

பிராதில் அசலோடு அதுவரை சேர்ந்த வட்டியையும் கோரிவிடுங்கள். விட்டுவிட்ட பகுதிக்காகப் பின்னர் தனி வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தராது.