கதிர்காம பாத யாத்திரையும் மூன்றாம் நாள் களைப்பும்: நோக் குளிசை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. உப்புவெளியில் வசிக்கிறேன், நாள் முழுவதும் கதிரையில் இருந்து செய்யும் வேலை. கடந்த ஆண்டு நண்பர்களுடன் கோணேசரைக் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமத்துக்கு நடக்கத் தொடங்கினேன். வெருகலைத் தாண்டியதும் கால்கள் கல்லாகி, தலைச்சுற்றும் குமட்டலும் வந்து, வாகரையிலிருந்து பஸ்ஸில் திரும்ப வேண்டியதாயிற்று. நண்பர் ஒருவர் தந்த நோக் குளிசையை இரண்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் போட்டேன். இம்முறை நேர்த்தியை நிறைவேற்றியே ஆகவேண்டும். அதே குளிசையை முதல் நாளிலிருந்தே போட்டால் தாக்குப்பிடிக்கலாமா? எங்களில் ஒருவருக்கு நீரிழிவும் உண்டு.

பதில்: போடக் கூடாது. அந்தக் குளிசை உங்களை நடக்கவைக்கவில்லை. நிற்கச் சொன்ன உடம்பின் குரலை மட்டும் அடக்கியது.

யாத்திரை நடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் நமது கரையோரத்தில் கச்சான் காற்று வீசுகிறது. அந்த வறண்ட காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு வியர்த்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. மாலையில் சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது உடம்பிலிருந்து போன உப்பு. அதை ஈடுசெய்யாமல் ஒவ்வொரு தாகசாந்திப் பந்தலிலும் வெறும் தண்ணீரையும் சர்பத்தையும் மட்டும் வயிறு முட்டக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, நீங்கள் எழுதியிருக்கும் தலைச்சுற்றும் குமட்டலும் வரும். உப்பிட்ட மோர், உப்பிட்ட கஞ்சி, ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) ஆகியவற்றையே முதலில் தேடுங்கள். ஜீவனி கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் உப்பை அது போதிய அளவு திருப்பித் தராது.

இனிக் குளிசைக்கு வருகிறேன். டைக்ளோபெனக், இபுபுறூபன் போன்ற நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. சாதாரண நாளில் ஆரோக்கியமான ஒருவருக்கு அது பெரிதாகத் தெரியாது. வெயிலில் நீர் வற்றிய உடம்பில், வெறும் வயிற்றில், நாள் தவறாமல் போடும்போது சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். பிரஷருக்கு லொசாட்டன், எனலபிறில் போன்ற மருந்து எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் பதவிசிறிபுரப் பக்கத்தில் எத்தனை குடும்பங்களை உலுக்கியிருக்கிறது என்பதை அறிந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, இந்தக் குளிசைகளைச் சிட்டையில்லாமல் கடலை விற்பதைப்போல் விற்கும் பாமசிகளை ஏன் ஒருவரும் தட்டிக்கேட்பதில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை. நோ தாங்க முடியாவிட்டால் 500 மில்லிகிராம் பரசிட்டமோலை, ஒரு தடவைக்கு இரண்டும் ஒரு நாளைக்கு எட்டும் என்ற அளவைத் தாண்டாமல் எடுங்கள். சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, அரை நாளாகப் போகாவிட்டாலோ, அன்றைய நடையை நிறுத்திவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

அரச வைத்தியசாலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. களைத்து உட்கார்ந்திருக்கும் யாத்திரிகரிடம் பரிவாகப் பேசி, "ஒரு சத்து ஊசியும் ஒரு போத்தல் சேலைனும் ஏற்றினால் கதிர்காமம் மட்டும் நிற்காமல் நடக்கலாம்" என்று அழைத்துப்போகும் ஆட்களை வழியில் காண்பீர்கள். கூட்டிப்போகும் ஆளுக்கும் அதில் பங்குண்டு. அந்த ஊசியில் இருப்பது பல வேளைகளில் இதே நோ மருந்துதான். சில வேளைகளில் ஸ்டீரொயிட். வாயால் குடிக்க முடிந்த ஒருவருக்குச் சேலைன் தேவையில்லை. குடிக்க முடியாத அளவுக்குச் சோர்ந்தவருக்கு வைத்தியசாலையே தேவை. அதற்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். பேச்சுக் குழறி, தோல் நெருப்பாகக் கொதித்தால் அம்பியுலன்ஸ் வரும்வரை காத்திராமல், நிழலில் கிடத்தி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

நண்பர்களின் வேகத்தில் நடந்ததும் உங்களை வீழ்த்தியிருக்கும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரே வேலுக்கு அடுத்துப் போகவேண்டும், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வரவேண்டும். பேசிக்கொண்டு நடக்க முடியாத வேகம் உங்களுக்குரியதல்ல. விடியற்புறம் நான்கு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிழலில் ஒதுங்குங்கள். அன்னதானம் உண்டபின் வெயில் சாயும்வரை எழும்பவேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே நடந்து பழகுங்கள். சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நிலாவெளிப் பக்கம் நீண்ட நடை போவது மிகவும் முக்கியம், ஏனெனில் முதல் நாளின் களைப்போடு இரண்டாம் நாள் நடக்க உடம்பு பழகவேண்டும்.

காலணியில்லாமல் நடந்து பழகியவர் அப்படியே நடக்கட்டும், நான் தடுக்கவில்லை. நீரிழிவுள்ள உங்கள் நண்பர் மட்டும் இதற்கு விலக்கு. நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்வு மெல்ல மெல்ல மரத்துப்போகும். முள் ஏறினாலும் தார் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. "எனக்குக் கால் நோவதேயில்லை" என்று அவர் பெருமையாகச் சொன்னால் அதுவே பயப்படவேண்டிய அடையாளம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் அவருடைய பெருவிரலையும் பாதத்தின் அடியையும் தொட்டு, எங்கே தொட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தடுமாறினால், நேர்த்தி எதுவாயினும், மிருதுவான அடியுள்ள மூடிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் அணிந்தே நடக்கவேண்டும். கோயில் வாசலில் கழற்றினால் போதும். இரவில் நண்பர் ஒருவர் டோர்ச் அடித்து விரலிடுக்குகள் உட்பட இரண்டு பாதங்களையும் பார்க்கவேண்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தவே கூடாது. இத்தனை தூரம் நடக்கையில் சீனி மளமளவென இறங்கலாம் என்பதால், மருந்தின் அளவைக் குறைப்பதா என்று கிளினிக் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, மருந்தையும் குளுக்கோசையும் பொதி வாகனத்தில் போடாமல் தம் தோள்பையிலேயே வைத்திருக்கவேண்டும்.

உகந்தைக்கு அப்பால் குமணை, யால காடுகளுக்கூடாகச் செல்லும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பாதையில் யானைகள் நடமாடும், தொலைபேசிச் சமிக்ஞை கிடையாது. அங்கே பின்தங்கி நடக்க முடியாது. அந்தப் பாதை திறக்கும் திகதியை ஆண்டுதோறும் அதிகாரிகள் கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்த பின்னும் மாற்றுகிறார்கள். அதனால் ஓய்வெடுக்கவேண்டிய நாட்களையும் நடந்து தீர்த்து, அரை உயிராக உகந்தையை அடைபவர்கள் பலர். காட்டுக்குள் புகுமுன் ஒவ்வொருவரின் பாதத்தையும் பிரஷரையும் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் செய்யும்வரை நீங்களே செய்யுங்கள்: உகந்தையில் குறைந்தது ஒரு முழு நாள் தங்கி, மறுநாள் காலை தலைச்சுற்று இல்லாமல், சிறுநீர் வெளிறிய நிறத்தில் போய், குளிசையின் உதவியின்றி ஒரு மணி நேரம் நடக்க முடிந்தால் காட்டுக்குள் போகலாம். முடியாவிட்டால் நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பொத்துவிலுக்குத் திரும்பி, மொனராகலை, புத்தளை வழியாக பஸ்ஸில் கதிர்காமம் போய், மற்றவர்கள் காட்டைக் கடந்து வரும்வரை அங்கே தங்கியிருங்கள்.