தரவரிசை வேறு, பணி ஒதுக்கீடு வேறு

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். 38 செவிலியர்கள், ஐந்து பிரிவுகள். மாதந்தோறும் பணியிடம் ஒதுக்கும்போது பாரபட்சம் என்று புகார் வருகிறது. எல்லோருக்கும் மதிப்பெண் போட்டு, முதலில் வந்தவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். இப்போது பொது வார்டு தள்ளாடுகிறது. ஒரு நிறுவனம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மென்பொருள் தருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மதிப்பெண்ணில் பெரிய தவறு இல்லை. அதை வரிசையாக்கி, மேலிருந்து ஆள் எடுத்ததில்தான் தவறு.

இரண்டு செவிலியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவருக்குத் தீவிர சிகிச்சையில் 9, பொது வார்டில் 8. இளையவருக்கு முறையே 7, 2. தரவரிசைப்படி மூத்தவரைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பினால் மொத்தம் 9 + 2 = 11. இடம் மாற்றிப் போட்டால் 7 + 8 = 15. பொது வார்டில் முப்பது நோயாளிகளை ஒரே நேரத்தில் கவனிக்கவும் திறமை வேண்டும் என்பதைத் தரவரிசை மறந்துவிடுகிறது. ஆகவே ஆளுக்கு ஒரு மதிப்பெண் போதாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மதிப்பெண் வேண்டும். மொத்தம் அதிகமாகும்படி ஆட்களைப் பொருத்தும் கணக்கை 1955-லேயே ஹெரால்டு கூன் என்ற கணித அறிஞர் எழுதிவைத்தார். அதற்கு ‘ஹங்கேரிய முறை’ என்று பெயர். எக்செலில் இருக்கும் சால்வர் (Solver) என்ற கணக்குக் கருவி உங்களுக்குப் போதும். அதன் வரம்பு 200 மாறிகள், அதாவது அது நிரப்பித்தர வேண்டிய கட்டங்கள். ஆளுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டம் என்றால் உங்களுடையது 38 பெருக்கல் 5, அதாவது 190. இதற்கு மூன்று லட்சமா?

மதிப்பெண்ணுக்கு அடிப்படையான எடைகளை, அதாவது எந்த அளவுகோலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை, தாமஸ் சாட்டி என்ற அறிஞரின் படிநிலைப் பகுப்பாய்வு முறையில் (AHP) கண்டுபிடிக்கலாம். பயிற்சி, அனுபவம், நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதம், நேரந்தவறாமை என நான்கு அளவுகோல்கள் என்றால், இரண்டிரண்டாக ஒப்பிட ஆறு கேள்விகள்தான். எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை பதில் சொல்ல வேண்டும். பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று அந்த முறையே சொல்லும் அளவு (consistency ratio) 0.10-ஐத் தாண்டினால் மறுபடி கேளுங்கள். அத்துடன் நிறுத்திவிடுங்கள். செவிலியர்களையே இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லும் ஆலோசகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 38 பேருக்கு ஓர் அளவுகோலுக்கே 703 ஒப்பீடுகள் வரும். அதை யாரும் மனமொன்றிச் செய்ய முடியாது. குத்துமதிப்பாக நிரப்பிவிட்டு ‘அறிவியல் முறை’ என்று முத்திரை குத்துவார்கள். ஒரு மருத்துவமனையில் செவிலியர் ஒருவர்கூட இல்லாத அறையில் எடைகள் முடிவானதை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வருபவர்களும் கோப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதிலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை. இது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

இதைவிட ஆபத்தான பொறி ஒன்று உண்டு. கட்டாயத் தகுதியை எடையாக வைக்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பயிற்சிக்கு 0.4, மற்ற மூன்றுக்கும் தலா 0.2 என்று வைத்துப் பாருங்கள். பயிற்சியே இல்லாத ஒருவர் மற்ற மூன்றிலும் பத்துக்குப் பத்து வாங்கினால் அவருக்கு 6.0. பயிற்சியில் 8, மற்றவற்றில் 4, 5, 4 வாங்கிய புதியவருக்கு 5.8. வென்டிலேட்டரைக் கையாளத் தெரியாதவர் முந்திவிட்டார்! பயிற்சி இல்லாதவருக்குத் தீவிர சிகிச்சைக்கான கட்டத்தையே மூடிவிட வேண்டும்; கணக்கு அவரை அங்கே அனுப்பவே முடியாதபடி.

கர்ப்பிணிச் செவிலியர் விஷயமும் இப்படித்தான். ‘உடல்தகுதி’ என்று ஓர் அளவுகோல் வைத்து அவருக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிறார்கள். அது இருமடங்கு அநியாயம். அவர் திறமை குறைந்தவர் என்று தாளில் பதிவாகிறது. ஆள் பற்றாக்குறை வந்தால் அதே கணக்கு அவரை எக்ஸ்ரே ஓடும் அரங்குக்கும், புற்றுநோய் மருந்து கலக்கும் இடத்துக்கும் அனுப்பிவிடும். குறைந்த மதிப்பெண் என்பது தடை இல்லையே! மதிப்பெண்ணைத் தொடாதீர்கள். அந்த இடங்களை மட்டும் அவர் பெயருக்கு எதிரே மூடுங்கள். இரவுப் பணியையும் நீண்ட நேரம் நிற்கும் பணியையும் அவரிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்போது பழைய மதிப்பெண் அப்படியே இருக்க வேண்டும். இதை எழுத்தில் வையுங்கள். கண்காணிப்பாளர் மாறினால் வாய்மொழி உறுதி காணாமல் போய்விடும்.

இன்னொரு நிபந்தனையும் சேருங்கள்: ஒருவர் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் ஒரே கடினமான பிரிவில் இருக்கக் கூடாது. இல்லையென்றால் கணக்கு எப்போதும் கெட்டிக்காரர்களின் தலையிலேயே பாரத்தை ஏற்றும்.

முதல் மாதம் பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்து வார்டு பொறுப்பாளர்களிடம் காட்டுங்கள். ‘இது சரிப்படாது’ என்று அவர்கள் கைவைக்கும் இடத்தில், அநேகமாக நீங்கள் எழுத மறந்த நிபந்தனை ஒன்று இருக்கும்.