கர்ப்பகாலப் பரிசோதனை: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் பதிலளிக்கிறார்

கேள்வி: அக்கா, நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகிறது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்கிறார் மாமியார். அதன்பிறகு கர்ப்பத்தைப் பதிவு செய்தால் போதாதா?

பதில்: போதாது தங்கச்சி. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவது இந்த வாரங்களில்தான். அதற்கான ஃபோலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்க வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், செவிலியரிடம் மட்டும் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதினால் கண் படாது என்று மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். 14,000 ரூபாய் தவணைகளாக வரும். 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருவார்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது. மலமும் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஜன்னல் விளிம்பில் பிரிக்காமல் கிடக்கும் மாத்திரை அட்டைகளை எத்தனையோ வீடுகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மலம் கறுப்பது இயல்பு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சற்றுநேரம் விட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள், குமட்டல் குறையும். எலுமிச்சைச் சாறு நல்லது. டீ, காபி, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காதீர்கள், சத்து உடலில் சேராது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கை அந்தப் பெண்ணால் தாங்க முடியாது. வாந்தி நிற்கவே இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசி வழியாகவும் இரும்புச்சத்து ஏற்றலாம்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் காட்டுகிறோம். கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பிக்மி எண் எங்களுக்கும் வேண்டுமா?

பதில்: வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அதைக் கேட்பார்கள்.

கேள்வி: மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு வேறு மாவட்டத்தில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். மறுபடி பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, அதே எண்தான். தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். ரத்த அழுத்தம், எடை, ரத்த வகை எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த ஊர்ச் செவிலியரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தக்கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். அறுவை சிகிச்சை, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசு கிடையாது.