தாவரச் சேர்மங்களால் விழித்திரைச் செல்களைச் சேதத்திலிருந்து காக்க முடியுமா?

குர்குமின், குவெர்செட்டின், ரெஸ்வெரட்ரால் போன்ற தாவரச் சேர்மங்கள் விழித்திரைச் செல்களைக் காப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றனவே, அவற்றை மாத்திரையாக உட்கொண்டால் பார்வை பாதுகாக்கப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகள் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் இத்தகைய சோதனைகளைச் செய்தவன் என்பதால், அங்கே உண்மையில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விழித்திரையின் ஒளியுணர் செல்களைத் தாங்கிப் பேணும் நிறமி எபிதீலியச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் முதல் நாளே குவெர்செட்டின் கொடுத்து, மறுநாள் எல்லாத் தட்டுகளிலும் செல்களைச் சேதப்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்போம். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், சேர்மம் பெறாத செல்கள் சுருங்கி, உருண்டு, தட்டின் அடியிலிருந்து கழன்று மிதந்துகொண்டிருக்கும். சேர்மம் பெற்றவற்றில் பெரும்பாலானவை தட்டையாகப் படிந்தபடி உயிரோடு இருக்கும். இச்சேர்மங்கள் செல்லுக்குள் உள்ள என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டி, செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைப் பெருகச் செய்கின்றன என்பதே இதற்கான முக்கிய விளக்கம். முதன்முறை அந்தக் காட்சியைக் கண்டபோது நான் அடைந்த நம்பிக்கை இன்றும் நினைவிருக்கிறது.

ஆனால் தட்டு வேறு, கண் வேறு. தட்டில் நாங்கள் ஊற்றும் செறிவு மைக்ரோமோலார் அளவில் இருக்கும். குர்குமினை வாய்வழியாக உட்கொண்டால் இரத்தத்தில் எஞ்சுவது பெரும்பாலும் அந்தச் செறிவில் மிகச் சிறு பங்கே. குவெர்செட்டினைக் குடலும் கல்லீரலும் வேறு வடிவங்களாக மாற்றிவிடுகின்றன. அதையும் கடந்து வருவது இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்ட வேண்டும். இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது கால வரிசைதான்: நாங்கள் தாக்குதலுக்கு முன்பே பாதுகாப்பைக் கொடுத்துவிடுகிறோம், நோயாளியோ பல ஆண்டுச் சேதம் சேர்ந்த பிறகே மருத்துவரிடம் வருகிறார். இறந்த ஒளியுணர் செல்களை மனித உடல் மீண்டும் உருவாக்குவதில்லை.

இந்த நீண்ட வழியைக் கடந்து விழித்திரையை உறுதியாகச் சென்றடைபவை லூட்டின், ஸியாக்சாந்தின் என்னும் இரண்டு மஞ்சள் நிறமிகள். நம் உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது. கீரைகள், மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றிலிருந்தே பெறுகிறோம். கொழுப்பில் கரைபவை என்பதால் சிறிது எண்ணெயுடன் உண்ணும்போது நன்கு உட்கிரகிக்கப்படுகின்றன. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் இவை செறிந்து, நீல ஒளி ஒளியுணர் செல்களை அடையும் முன்பே அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளுள் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்தியவை முக்கியமானவை. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு அடங்கிய கலவை, இடைநிலையில் இருந்த வயது சார்ந்த மாகுலா சிதைவு (முதுமையில் நடுப்பார்வையைப் பாதிக்கும் நோய்) முற்றிய நிலைக்குச் செல்லும் வாய்ப்பை ஐந்து ஆண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைத்ததாக 2001-இல் அறிவிக்கப்பட்டது. பீட்டா கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது வேறு ஆய்வுகளில் தெரிந்திருந்ததால், 2013-இல் வெளியான இரண்டாம் சோதனைக்குப் பிறகு அதற்குப் பதிலாக 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாக்சாந்தினும் இடம்பெற்றன. இக்கலவை நோயைத் தடுப்பதோ இழந்த பார்வையை மீட்பதோ இல்லை. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் நோயே இல்லாதவர்களுக்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே, கண் மருத்துவர் விழித்திரையைப் பரிசோதித்து இடைநிலைச் சிதைவு என்று சொன்னால், இந்தக் கலவையைப் பற்றி அவரிடம் கேளுங்கள். குர்குமின், ரெஸ்வெரட்ரால் மாத்திரைகளைக் கண்ணுக்காக வாங்குமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புகைபிடிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவது எந்தத் தாவரச் சேர்மத்தையும்விட உங்கள் மாகுலாவுக்கு அதிகம் உதவும். கதவு நிலையின் நேர்க்கோடு திடீரென வளைந்து தெரிந்தால், மாத்திரைகளைத் தேடிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்; அது மாகுலாவுக்கு அடியில் புதிய இரத்த நாளங்கள் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு ஊசி மருந்துச் சிகிச்சை உண்டு.